கொல்லைப்புறத்தில் நான்கு செடிகள்



நம் குடியிருப்பு வீடுகளின் கொல்லைப்புறம் சிறியது. ஆகவே நாள்தோறும் அடுக்களைக்குப் பயன்படுவனவும், இத்தில்லியின் வெயிலையும் குளிரையும் தாங்குவனவுமே நமக்கு ஏற்றவை.

கொத்துமல்லிக்குக் குளிர் உகந்தது. விதையை இரண்டாக உடைத்து ஐப்பசியில் தூவினால் இரு வாரத்தில் முளைக்கும். புதினா வேரோடி மற்றச் செடிகளை நெருக்கும்; அதற்குத் தனித்தொட்டியே தக்கது. இருமலுக்குப் பாட்டிமார் கைக்கொண்ட கற்பூரவல்லி, கிள்ளி நட்டாலே வேர்விடும். பனிக்கு ஆற்றாதாகையால் மார்கழி, தை இரவுகளில் தாழ்வாரத்தில் வைத்தல் நலம். கறிவேப்பிலை கடுங்குளிரில் இலை உதிர்ப்பதுண்டு. பட்டுப்போயிற்றென்று பிடுங்கிவிடாதீர்கள், நீரைக் குறையுங்கள். பங்குனியில் துளிர்க்கும்.

"மாற்றல் உத்தரவு வந்தால் போகவேண்டியவர்கள் நாம், எவருக்காக நடுவது?" என நண்பர் சிலர் கேட்கின்றனர். கறிவேப்பிலை நன்கு தழைக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது மெய்யே. ஆயினும், நாம் குடிபுகும் வீட்டில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றால் மகிழ்கிறோமன்றோ? நமக்குப் பின் வருபவர் மராத்தியராயினும் குஜராத்தியராயினும் அவர்தம் தாளிதத்திற்கும் அது வேண்டியதே. நம் பிள்ளைகளோ, தாம் நீரூற்றிய செடியின் தமிழ்ப் பெயரை எவ்வூர் சென்றாலும் மறவார்.