துக்கமும் மனச்சோர்வும்

(கள்ளக்குறிச்சியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தார் இன்று எமக்கு இட்ட விஷயம், துக்கத்திற்கும் மனச்சோர்வு என்னும் நோய்க்கும் உள்ள பேதம் யாது என்பதாம். பார்வைக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் கண்ணீர் உண்டு, உணவு செல்லாது, உறக்கம் வராது. ஆயினும் ஒன்று மனித இயல்பு. மற்றொன்று சிகிச்சைக்குரிய நோய். இப்பேதம் அறியாமையால், துக்கமுற்றோரைப் பித்தரென்று அஞ்சுவதும், நோயுற்றோரைச் சோம்பேறியென்று ஏசுவதும் நம் குடும்பங்களிலே நடந்து வருகின்றன.

முதலில் துக்கத்தை ஆராய்வோம். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நமது கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வீடுகளில் எழுந்த அழுகையை நோயென்று எவரேனும் சொல்லத் துணிவரோ? இழந்தவர் அழுவதே முறை. அத்துக்கம் அலைபோல் வந்துபோவது. இறந்தவரின் சட்டையைக் கண்டால் பொங்கும்; குழந்தை மடியில் ஏறினால் சற்றே அடங்கும். அவரது வேடிக்கைப் பேச்சை நினைத்தால் அழுகையினூடே சிரிப்பும் வரும். உற்றார் சூழ்ந்திருந்தால் பாரம் குறையும். துக்கமுற்றவர் தம்மையே இழிவாக எண்ணுவது அரிது.

மனச்சோர்வோ அவ்வாறன்று. அதற்கு வெளிப்படையான காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கரும்புக்கு நல்ல விலை கிடைத்து, மகளுக்கும் நல்ல இடத்தில் கலியாணமான குடியானவருக்கும் அது வரும். பிள்ளை பெற்று மகிழவேண்டிய தாய்க்கும் வரும். நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், 2 வாரங்களுக்குக் குறையாமல் மனம் இருண்டிருக்கும்; அல்லது முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் இராது. தூக்கமும் பசியும் குன்றும், சிலருக்கு மிகும். சிறு வேலையும் மலையாய்த் தோன்றும். "நான் எதற்கும் உதவாதவன், எல்லோருக்கும் பாரம்" என்னும் எண்ணம் குடிகொள்ளும். நம்மவரில் அநேகர் மனவருத்தம் என்று சொல்லாமல், தலைவலி, உடல்வலி, அசதி என்றே சொல்லுவர். ஆகையால் மாத்திரைமேல் மாத்திரை விழுங்கியும் நோய் அகப்படாமற் போகிறது.

இத்தகையோரிடம் "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்பது, குளிர்காய்ச்சலில் நடுங்குபவனை நடுங்காதே என்பது போலாம். சாராயத்தில் மறதி தேடுவதோ நோயை வளர்க்கும். குலதெய்வத்திற்கு நேர்ந்துகொள்வதை யாம் தடுக்கவில்லை; அதனால் வைத்தியம் தாமதப்படலாகாது என்பதே எமது விண்ணப்பம்.

துக்கமே சிலருக்கு நோய்க்கு வழியாகும் என்பதையும் கவனிக்கவேண்டும். 16ஆம் நாள் கருமாதி வரையில் வீடு நிறைய ஜனம். மறுநாள் முதல் வாசலில் ஒருவரும் இல்லை. உண்மையில் அதன் பின்னரே நாம் போய்ப் பார்க்கவேண்டும். இரண்டாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் சென்று, உண்கிறாரா, உறங்குகிறாரா, வேலையில் கை ஓடுகிறதா, உயிரோடிருப்பதில் வெறுப்பு உண்டா என்று பரிவோடு கேட்கவேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் உண்டாகிவிடாது. மறைத்துவைத்த பாரத்தை இறக்கிவைக்கவே இடம் கிடைக்கும். அவ்வெண்ணம் உண்டென்று அறிந்தால் அவரைத் தனியே விடலாகாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டினின்றும் அகற்றி, அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

இது தீரும் நோய். ஆறுதலாய்ப் பேசி நடத்தும் முறையான சிகிச்சையும் உண்டு, மருந்தும் உண்டு. மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். ஆகையால் நாலு நாளில் குணமில்லையென்று நிறுத்துவதும், குணம் கண்டவுடன் தாமாகவே விடுவதும் தவறு. நமது ஊரிலேயே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கங்களில் உள்ளோர் உடனே இறங்கிவர இயலாவிடில், 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இச்சேவை கட்டணமில்லாதது. இரவுபகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. "வெளியில் தெரிந்தால் பெண் கொடுப்பாரா, பெண் எடுப்பாரா?" என்றஞ்சி நோயை மறைக்கும் வீடுகள் பல. அவ்வச்சத்தை உண்டாக்கியவர் அயலார் அல்லர். சம்பந்தம் பேச உட்காரும் நாமேதாம். ஆகையால் அதை நீக்கவேண்டியவரும் நாமே. சிகிச்சை பெற்றவரைக் குறையாகப் பேசுவதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் இன்று உறுதி கொள்ளுமாயின், பல உயிர்கள் காப்பாற்றப்படும்.