தூவானம் ஏந்திச் செல்லும் வேண்டுதல்



ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலே, சியாற்றில் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 மைல் தூரத்தில், ஸ்னோக்குவால்மி என்னும் ஆறு 268 அடி உயரத்திலிருந்து பாறை விளிம்பைக் கடந்து வீழ்கின்றது. உயரத்தில் இவ்வருவி நயாகராவையும் விஞ்சியது. ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனைக் காண வருகின்றனர். மேடையில் நின்று பார்க்கின்றனர்; படம் பிடிக்கின்றனர்; மேனியில் தூவானம் பட்டதும் சிரித்தவாறே பின்வாங்குகின்றனர்.

அந்தத் தூவானமே அவ்விடத்து ஆதிக்குடிகளுக்குப் புனிதமானது. ஆற்றின் பெயரையே தமக்கும் உடைய ஸ்னோக்குவால்மி மக்கள், மேலெழும் நீர்த்திவலைகள் தம் வேண்டுதல்களைப் படைத்தவனிடம் சேர்ப்பிக்கின்றன என நம்புகின்றனர். சந்திரன் முதற் பெண்ணையும் முதல் ஆணையும் படைத்த இடமும் இதுவே என்பது அவர்தம் மரபு.

1855ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இப்பிரதேசம் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. 1899இல், அருவியருகே பாறையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1910இல் இரண்டாவது நிலையமும் எழுந்தது. மின்னாக்கத்துக்கென ஆற்று நீரின் ஒரு பகுதி அருவிக்கு வராமலே திருப்பப்படுகின்றது. பிறருக்கு அது காட்சியின் குறைவு மாத்திரமே. அம்மக்களுக்கோ, நீர் குறைந்தால் தூவானம் குறையும். தூவானம் குறைந்தால் வேண்டுதலுக்கு வாகனம் ஏது?

2004இல் மின்னிலைய அனுமதி புதுப்பிக்கப்பட்டபோது அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2008இல் வெளியான தீர்ப்பு அனுமதியை நிலைநிறுத்தியது. எனினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1953இல் இழந்த அரசாங்க அங்கீகாரத்தை 1999இலே மீளப் பெற்றிருந்த சிறு சமூகம் அது. 2009இல் அருவி, மரபுவழிப் பண்பாட்டுத் தலமாகத் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2019இல், அருவியின் விளிம்பிலுள்ள விடுதியையும் அதனைச் சூழ்ந்த ஏறத்தாழ 45 ஏக்கர் நிலத்தையும் பன்னிரண்டரைக் கோடி டொலர் கொடுத்து அவர்களே வாங்கினர். அந்நிலத்தில் புதிய கட்டடங்கள் எழவிருந்த திட்டமும் அத்துடன் நின்றது. முன்னோர் நிலத்தை விலை கொடுத்து மீட்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

மின்னிலையம் இன்றும் இயங்குகின்றது, பார்வையாளரும் வருகின்றனர். அவர்கள் வருவதை அம்மக்கள் தடுக்கவில்லை. தாம் நிற்பது பிறரொருவர் தொழும் தலம் என்பதை வருவோர் உணர்ந்தாற் போதும். கோயில் வாயிலிலே பாதரட்சையைக் கழற்றி வைத்துப் பழகியவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.