சிறு நகரில் இரண்டு இரவு

இன்றைய உரை வேலைக்குச் செல்லும் இளையோரின் ஓய்வைப் பற்றியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். வயது இருபத்தாறு. காலையில் சாலை நெரிசல், மாலையிலும் அதே நெரிசல். வீடு திரும்பிய பிறகும் கைப்பேசியில் மேலாளரின் குறுந்தகவல். மூன்று நாள் விடுமுறை கிடைத்ததும் அவர் என்ன செய்கிறார்? நண்பர்களோடு விமானம் ஏறுகிறார். மூன்று நாளில் இருபது இடம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நள்ளிரவு தாண்டிப் படுக்கிறார். சாப்பிட வரிசை, படம் எடுக்க வரிசை, டாக்சிக்கு வரிசை. வேலைக்குத் திரும்பும்போது புறப்பட்ட நாளை விடக் களைத்திருக்கிறார். மாதக் கடைசியில் கடன் அட்டைக் கணக்கு வருகிறது. அந்த மூன்று நாளுக்காக அடுத்த மூன்று மாதம் தவணை கட்டுகிறார்.

இதை ஓய்வு என்று சொல்ல முடியுமா? அலுவலகத்தில் செய்த ஓட்டத்தை வேறோர் ஊரில் போய்ச் செய்துவிட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். வெளிநாடு போகக் கூடாது என்பதல்ல இங்கே சொல்ல வருவது. உலகத்தைப் பார்ப்பது நல்லது. ஆனால் ஊர் பார்ப்பது வேறு, ஓய்வெடுப்பது வேறு. உடலும் மனமும் ஓய்வு கேட்கும்போது அவற்றுக்கு மேலும் ஒரு கால அட்டவணையைக் கொடுப்பது நியாயமில்லை.

ஓய்வுக்கு ஏற்ற ஊர் எப்படி இருக்க வேண்டும்? நடந்தே சுற்றிவிடக் கூடிய அளவில் இருக்க வேண்டும். பார்த்தே தீர வேண்டியவை என்ற நீண்ட பட்டியல் இருக்கக் கூடாது. உணவும் தங்குமிடமும் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தும் சிறு நகரங்கள் நம் நாட்டில் பல உண்டு. எடுத்துக்காட்டுக்கு ஒன்று, பேராக் மாநிலத்தின் தைப்பிங்.

ஈயம் தேடி வந்தவர்களால் உருவான ஊர் இது. சுரங்கங்களுக்காகச் சீனக் கூட்டத்தார் இரண்டு பிரிவாக நின்று ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்ட இடம். 1874-ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு சண்டை ஓய்ந்தது. ஊருக்குத் தைப்பிங் என்ற பெயரும் வந்தது. சீன மொழியில் அதன் பொருள் பேரமைதி. பேராக்கின் தலைநகராகவும் இருந்தது. 1937-இல் தலைநகர் ஈப்போவுக்கு மாறியது. அதோடு ஊரின் வேகமும் குறைந்தது. அன்று அது இழப்பாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அந்த வேகக் குறைவுதான் இன்று களைத்து வருகிறவர்களுக்குக் கிடைக்கும் லாபம். 2019-இல் பெர்லின் சுற்றுலாக் கண்காட்சியில், உலகின் நீடித்த சுற்றுலாத் தலங்களில் நகரங்கள் பிரிவில் தைப்பிங் மூன்றாம் இடம் பெற்றது.

போவதும் எளிது. கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்சார இரயில் ஏறினால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் தைப்பிங். கார் ஓட்ட வேண்டாம், டோல் கட்டணம் வேண்டாம், வாகனம் நிறுத்த இடம் தேட வேண்டாம். பள்ளி விடுமுறைக் காலத்தைத் தவிர்த்து, டிக்கெட்டை முன்னதாக வாங்கிவிட்டால் போதும்.

அங்கே என்ன செய்வது? ஒரு நாளுக்கு ஒரே ஒரு காரியம். இதுதான் விதி.

முதல் நாள் ஏரிப் பூங்கா. ஒரு காலத்தில் அது ஈய லம்பம். கைவிடப்பட்ட அந்தக் குழிகளை 1880-ஆம் ஆண்டிலேயே பூங்காவாக மாற்றத் தொடங்கினார்கள். கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிச் சாய்ந்து, கிளைகளால் தண்ணீரைத் தொடுகின்றன. நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மரங்கள். காலையில் பசியாறிவிட்டு ஒரு சுற்று நடக்கலாம். கால் வலித்தால் உட்காரலாம். அங்கே யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

மதியத்துக்கு மேல் மழை வரும். தைப்பிங் மழைக்குப் பேர் போன ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக் காற்று, ஊருக்குப் பின்னால் நிற்கும் மலைத்தொடரில் முட்டி மேலே எழும்பிக் குளிர்ந்து மழையாகிறது. மற்ற ஊரில் மழை பயணத்தைக் கெடுக்கும். இங்கே மழையும் பயணத்தில் ஒரு பங்கு. ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, மழை விடும் வரை பேசிக்கொண்டிருக்கலாம். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

இரண்டாம் நாள் கோல செப்பெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885 ஜூன் 1-ஆம் தேதி தீபகற்பத்தின் முதல் இரயில் தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகத்துக்குத்தான் ஓடியது. சுமார் 13 கிலோமீட்டர் தூரம். இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர் அணிகள் அமைத்த பாதை அது. தண்டவாளம் இப்போது இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் மற்ற மொழிகளோடு தமிழும் இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு, இந்த நாட்டின் முதல் இரயிலை நினைவுகூரும் இடத்தில் தங்கள் மொழியும் இருப்பது தெரியும். அருகிலேயே மாத்தாங் சதுப்புநிலக் காடு. ஏறத்தாழ 40,000 ஹெக்டர். வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்து வருகிறார்கள். அந்த மரத்தைச் சூளையில் இட்டுக் கரியாக்குவதையும் பார்க்கலாம். இரவில் படகேறினால் மின்மினிப் பூச்சிகள்.

நேரம் மிச்சமிருந்தால் போர் வீரர் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 800-க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். இந்திய இராணுவத்தினரும் அவர்களில் உண்டு. பாதிக்கு மேற்பட்டவர்களின் பெயர் தெரியாது. அவர்களில் பலர் இருபது, இருபத்தைந்து வயதில் போனவர்கள். அதே வயதில் இன்று வேலைப் பளுவைச் சொல்லி அலுத்துக்கொள்கிறவர்கள் பத்து நிமிடம் அங்கே நின்றால், எது பெரிய கவலை, எது சிறிய கவலை என்று மனம் தானே தரம் பிரிக்கும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். "அங்கே என்ன இருக்கிறது என்று போகிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம். அந்தக் கவலை புரிகிறது. தங்குமிடத்தின் முகவரி, இரயில் நேரம், உடன் வரும் தோழியின் எண் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு ஓர் அழைப்பு போதும். நடந்து சுற்றக்கூடிய ஊர், இரயிலில் போய் இரயிலில் வரும் பயணம். முதன்முதலாகத் தனியே போகும் பிள்ளைக்கு இதை விடப் பொருத்தமான பயிற்சி இல்லை.

இளையோருக்கும் ஒரு வேண்டுகோள். சிறு நகரத்துக்குப் போனால் தங்குங்கள். மதியம் வந்து, ஒரு தட்டுச் சாப்பிட்டு, நான்கு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இது போன்ற ஊர்களின் பிள்ளைகள் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். கடைகளைப் பெரியவர்கள்தான் நடத்துகிறார்கள். நீங்கள் தங்கும் ஓர் இரவு ஒரு விடுதிக்கு வருமானம். மறுநாள் காலை நீங்கள் பசியாறுவது ஓர் ஒட்டுக்கடைக்கு வியாபாரம். இன்னொரு குடும்பம் ஊரை விட்டுப் போகாமல் இருக்க அதுவும் ஓர் உதவி.

தைப்பிங்தான் வேண்டும் என்பதில்லை. கோலகங்சார், தெலுக் இந்தான், மூவார் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு குடை, இரண்டு மாற்றுடை, ஒரு புத்தகம் போதும். திரும்பி வந்த மறுநாள் காலை ஒன்றை மட்டும் பாருங்கள். கடிகாரம் அடிக்கும் முன்பே கண் விழித்தீர்களா? விழித்திருந்தால், நீங்கள் உண்மையிலேயே விடுமுறைக்குப் போய் வந்திருக்கிறீர்கள்.