இன்றே கையெழுத்துப் போடு என்றால்

(கிள்ளான் வட்டாரக் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



முந்திய கூட்டங்களில் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையைப் பற்றிப் பேசினோம். இன்று நாம் பேசப் புகுவது வேறொரு மேசை. அங்கே துரையும் இல்லை, நம் சங்கமும் இல்லை. குளிர்சாதன அறை, பாட்டு, காப்பி, பலகாரம். எதிரே கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர், முகம் நிறையச் சிரிப்பு. இந்தப் பக்கம் நம்மவர் ஒருவரும் அவர் மனைவியும். மூன்று மணி நேரம் கழித்து அவர்கள் வெளியே வரும்போது கையில் ஒரு பரிசுப் பை இருக்கும். தலையில் பல்லாண்டுக் கடன் இருக்கும்.

"டைம்ஷேர்" என்று இதற்குப் பெயர். விடுமுறைப் பங்கு என்று நாம் சொல்லலாம். ஏதோ ஒரு விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்கூட்டியே விலைக்கு வாங்குவதே இது. 1960ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில், சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் தொடங்கிய ஏற்பாடு. தமிழ்நாட்டிலும் 1986இல் ஆரம்பமான ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல் போன்ற மலை ஊர்களைக் காட்டி இதனை விற்றது. ஆண்டு தவறாமல் உல்லாசப் பயணம் போகிறவருக்கு இதில் லாபமும் இருக்கலாம். ஏற்பாடே மோசடி என்று நாம் கூறவில்லை. நாம் குறை கூறுவது அதை விற்கும் முறையை.

அந்த முறை எப்படி? பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ தீபாவளிச் சாமான் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு பேரங்காடி வாசலில் சுரண்டிப் பார்க்கும் சீட்டு ஒன்றை நீட்டுவார்கள். சுரண்டினால் பரிசு விழுந்திருக்கும். விழாமல் போனவர் யாரையும் நாம் இதுவரை கண்டதில்லை! சீட்டு இல்லையென்றால் தொலைபேசியில் அழைப்பு வரும். பரிசைப் பெற்றுக்கொள்ள ஒரு ஹோட்டலுக்கு வரவேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தே வரவேண்டும். வங்கி அட்டை கையில் இருக்கவேண்டும். பரிசு கொடுக்கிறவனுக்கு நம் வங்கி அட்டை எதற்கு என்ற கேள்வியை அந்த இடத்திலேயே கேட்டுவிட்டால், இந்த உரையின் மிச்சம் உங்களுக்குத் தேவைப்படாது.

முன்பு சம்பள நாளில் துணிமூட்டைக்காரரும் தவணைக்குத் தையல் இயந்திரம் விற்பவரும் நம் தோட்டத்து வாசலுக்கு வந்தார்கள். அவர்களும் வாய்ச்சாலகக்காரர்கள்தாம். ஆனால் அது நம் இடம். விலை கூடுதல் என்றால் பக்கத்து லயத்து அக்காள் குரல் கொடுப்பாள். அந்தச் சாமான் மூன்றே மாதத்தில் பழுதாகிவிட்டது என்று மண்டோர் சொல்லிவிடுவார். இப்போது விற்பவர் வருவதில்லை. நம்மைத் தம் அறைக்கு அழைத்துக்கொள்கிறார். அங்கே அக்காளும் இல்லை, மண்டோரும் இல்லை. அந்த அறையின் பலமே அதுதான்.

நம் கிளைக்கு ஒரு தம்பதி வந்தனர். வேலை செய்த தோட்டம் வீடமைப்புக்குப் போய்விட்டது. ஆட்குறைப்பு நஷ்டஈடு கைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பணம் எவ்வளவு என்பதை அறிந்தால்தான் இழப்பு விளங்கும். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். மாதம் 1,700 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்து 25 ஆண்டுக்குக் கணக்கிட்டால் 32,000 வெள்ளிக்குச் சற்று அதிகம். ஓர் ஆயுளின் விடியற்காலைகள் அத்தனையும் அந்தத் தொகையில் அடங்கியிருக்கின்றன. வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கென்று வைத்திருந்த அதிலிருந்து 18,000 வெள்ளி, ஒரே மாலையில், கடற்கரை விடுதி அறைக்குப் போயிற்று. அந்த அம்மாள் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த அறையில் நாங்கள் குடியிருக்கலாமா?" இல்லை, அம்மா. ஆண்டுக்கு ஏழு இரவு மட்டும், அதுவும் இடம் காலியிருந்தால்.

அவர்களை யார் ஏமாளிகள் என்று சொன்னாலும் நாம் ஒப்பமாட்டோம். அந்த அறையில் நடப்பதைக் கேளுங்கள். முதலில் பிள்ளைகளின் பெயர், படிப்பு எல்லாம் விசாரிப்பார்கள். பிள்ளைகளைக் கடைசியாக எப்போது வெளியூர் அழைத்துப் போனீர்கள் என்று கேட்பார்கள். தகப்பனுக்கு அது சுருக்கென்று தைக்கும். விலை 30,000 என்பார்கள். தயங்கினால் 'மானேஜர்' என்று ஒருவர் வருவார்; உங்களுக்காக மட்டும், இன்றைக்கு மட்டும், 18,000 என்பார். அடுத்த மேசையில் யாரோ கையெழுத்திட்டதற்குக் கைதட்டல் எழும். பரிசைப் பற்றிக் கேட்டால், அது கடைசியில்.

தோழர்களே, இந்த வித்தைகளை நாம் அறியாதவர்களா? சம்பளப் பேச்சில் முதலாளி தரப்பு அரை மணி நேரத்தில் தன் கணக்கை நூற்றுக்கு நாற்பது மாற்றினால், முதலில் சொன்ன கணக்கு எந்த யோக்கியதையில் சொல்லப்பட்டது என்றுதானே கேட்போம்? 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தைப் பாருங்கள். சங்கத்தின் அழைப்புக்குப் பதில் கூற 14 நாள். ஏற்றுக்கொண்டால் பேச்சைத் தொடங்க 30 நாள். அதற்குப் பிறகு வரும் கூட்டு ஒப்பந்தத்தின் ஆயுளோ குறைந்தது மூன்றாண்டு. மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு இத்தனை அவகாசம் இருக்க, முப்பதாண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு கோப்பை காப்பி ஆறும் நேரம்தானா?

ஆகவே அங்கே போக நேர்ந்தால் சங்கப் பிரதிநிதியைப் போலப் போங்கள். இன்று எதிலும் கையெழுத்து இல்லை என்று கணவனும் மனைவியும் வீட்டிலேயே தீர்மானம் நிறைவேற்றிவிட்டுப் புறப்படுங்கள். வங்கி அட்டையை வீட்டில் வையுங்கள். அடையாள அட்டையைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டால், கண்முன் பார்த்துத் திருப்பித் தரட்டும். உள்ளே எடுத்துப் போக விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காரணம் சொல்லாதீர்கள். பணமில்லை என்றால், மாதத் தவணை இருக்கிறது என்பார். லீவு இல்லை என்றால், உறவினருக்குக் கொடுக்கலாமே என்பார். யோசிக்க வேண்டும் என்றால், எதை யோசிக்கப் போகிறீர்கள், இங்கேயே கேளுங்கள் என்பார். காரணம் ஒவ்வொன்றும் நாமே அவர் கையில் கொடுக்கும் பிடி. "இன்று கையெழுத்து இல்லை, காகிதத்தைக் கொடுங்கள், கொண்டுபோய்ப் படிக்கிறோம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். காகிதத்தை வெளியே கொடுக்க மறுத்தால், எழுந்துவிடுங்கள். பரிசுப் பையை நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம். பால் நிறுவையில் வாளி எவ்வளவு கனத்தாலும் மெட்ரோலாக்கை இறக்கிப் பார்த்தபின்தானே ரப்பர் எவ்வளவு என்று எழுதுகிறோம்? அந்தப் பை வாளியில் கலந்த தண்ணீர்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 20,000 வெள்ளி, 30 ஆண்டு, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 600 என்று ஓர் உதாரணத்துக்கு வைப்போம். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,267 வெள்ளி, ஏழு இரவுக்கு. இரவொன்றுக்கு 181. மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் போக முடிந்தது என்றால் இரவொன்றுக்கு 543 வெள்ளி! வட்டி தனி. பராமரிப்புக் கட்டணம் ஏறினால் அதுவும் தனி.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. இத்தகைய திட்டங்கள் 2017 ஜனவரி 31 முதல் அமலில் உள்ள ஸ்கிம் கெபெந்திங்கான் சட்டத்தின்கீழ் வருகின்றன. மேற்பார்வை சுருஹான்ஜாயா ஷரிக்காட், அதாவது கம்பெனி ஆணையம். திட்டம் அங்கே பதிவானதா, பொறுப்பாண்மைப் பத்திரம் உண்டா, பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு தருவதாக ஆசை காட்டுவதை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. 2011இல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, ஒப்பந்தம் நியாயமற்றதா என்று ஆராயும்போது, எழுத்து பொடியாக இருந்ததா, வாங்கியவர் தனி ஆலோசனை பெற்றிருந்தாரா என்பனவும் கவனிக்கப்படும்.

கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். நாள் கடத்துவதுதான் கேடு. ஒப்பந்தத்தில் விலகுவதற்கு எத்தனை நாள் தந்திருக்கிறார்கள் என்று அன்றிரவே பாருங்கள். விலகுகிறோம் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. வங்கிக்கும் எழுதுங்கள். திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளிக் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்றாண்டுக்குள் போகவேண்டும். வழக்கறிஞர் வேண்டியதில்லை. இன்னும் ஒன்று: "உங்கள் பங்கை நாங்கள் விற்றுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று பிறகு வேறொருவர் அழைப்பார். அவரிடம் ஒரு காசும் கட்டாதீர்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. கடன் அட்டை இருப்பதால் அந்த மேசை நம்மைத்தான் அதிகம் தேடுகிறது. மலாயும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்ததால் தோழர்கள் காகிதத்தைக் கொண்டுவருவதும் நம்மிடம்தான். பிரட்டு முடிந்ததும் கொண்டுவந்து நீட்டினால், நாளைக்கு என்று சொல்லாமல் அப்பொழுதே படித்துச் சொல்லுங்கள்.

விலகல் கடிதத்தின் மாதிரி ஒன்றை மலாயில் எழுதி, கீழே தமிழ் விளக்கத்துடன் கிளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். ஞாயிறு காலைகளில் திறந்திருக்கும். ஒப்பந்தம், ரசீது, அடையாள அட்டை நகல் மூன்றையும் கொண்டுவாருங்கள்.