நமது தொகுதி எது?
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு இலக்கியம் பேசும் தகுதி இல்லை. ஆதலின், நாம் அன்றாடம் மறந்து வாழும் ஒன்றைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றோம். நமது தொகுதி எது? நமது சட்டமன்ற உறுப்பினர் யார்?

இவ்வினாவிற்கு நம்மில் பலர், திருநெல்வேலி என்றும் தஞ்சாவூர் என்றும் ஊர்ப் பெயரையே விடையாகக் கூறுவோம். ஆனால் நாம் உண்பதும் உறங்குவதும் மும்பையில் அன்றோ!

மகாராட்டிர மாநிலம் 1960ஆம் ஆண்டு மே முதல் நாள் பிறந்தது. 1962இல் நடந்த முதல் தேர்தலில் அதன் சட்டமன்றத்திற்கு 264 இடங்கள் இருந்தன. 1978 முதல் 288 இடங்கள். அவற்றுள் 29 இடங்கள் பட்டியல் வகுப்பினர்க்கும், 25 இடங்கள் பழங்குடியினர்க்கும் உரியவை. மும்பை மாநகருக்கு மட்டும் 36 தொகுதிகள். தமிழர் மிகுதியாக வாழும் தாராவி ஒரு தனித்தொகுதி. அதன் அருகிலேயே சயான் கோலிவாடா. அத்தொகுதியிலிருந்து 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தமிழராகிய திரு. தமிழ்ச்செல்வன் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார். கட்சி யாதாயினும் ஆகுக. பல மொழி பேசுவோர் கலந்து வாழும் தொகுதியில் அனைவரும் வாக்களித்தாலன்றி எவரும் வெல்ல இயலாது என்பதே நாம் எண்ணத்தக்கது.

இனி, எங்கள் கதையைக் கேளுங்கள். சில ஆண்டுகட்கு முன், மழைக்காலத்தில், எங்கள் குடியிருப்பிற்குச் செல்லும் வீதியில் முழங்காலளவு நீர் தேங்கி நின்றது. பிள்ளைகளைத் தோளில் சுமந்து பள்ளிக்கு அனுப்பினோம். இருபது குடும்பத்தார் கையொப்பமிட்ட விண்ணப்பத்தோடு மக்கள் பிரதிநிதி ஒருவரின் அலுவலகம் சென்றோம். அங்கிருந்தவர் கேட்ட முதற் கேள்வி, "உங்களில் எத்தனை பேர் எங்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கின்றீர்கள்?" என்பது. ஒருவரை ஒருவர் பார்த்தோம். மூவரே இருந்தனர்!

அவர் அவ்வாறு கேட்டது முறையன்று. வாக்களித்தவர்க்கும் அளியாதவர்க்கும் உறுப்பினர் பொதுவானவரே. ஆயினும் அன்று எங்களுக்குச் சினத்தினும் நாணமே மிகுந்தது. ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தது. வாக்களிக்கப் போக விடுப்பு இல்லை. அங்கும் வாக்கில்லை, இங்கும் வாக்கில்லை என இருபது ஆண்டுகள் கழித்துவிட்டோம்.

சட்டம் யாது கூறுகின்றது? 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியிலேயே பெயர் பதிய வேண்டும். ஓரிடத்தில் சொந்த வீடு இருப்பதனால் மட்டும் அங்கே வசிப்பவராகக் கருதப்படமாட்டார். இரு தொகுதிகளில் பெயர் வைத்திருத்தலும் ஆகாது. குடிபெயர்ந்தோர் எட்டாம் எண் படிவத்தையும், புதிதாகப் பதிவோர் ஆறாம் எண் படிவத்தையும் நிரப்பித் தரல் வேண்டும். நாள்தோறும் எத்தனையோ படிவங்களை நிரப்பும் நமக்கு இஃதொன்று கடினமோ?

மற்றொன்றும் அறிதல் நன்று. வீதிச் சாக்கடைக்கு மாநகராட்சி. இரயில்வே நிலத்திற்கு மத்திய அரசு. சட்டம் இயற்றலும், மாநில வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தலும், அமைச்சரை அவையில் வினவுதலும் சட்டமன்ற உறுப்பினர் பணி. எவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்பதே குடிமகனுக்கு அழகு.

அம்மழைக்குப் பின் நாங்கள் வீடு வீடாகச் சென்று படிவங்களை நிரப்புவித்தோம். 2024 நவம்பர் 20ஆம் நாள், எங்கள் குடியிருப்பினர் குடும்பத்தோடு வரிசையில் நின்றனர். வீதியில் நீர் இன்னும் முற்றும் வடியவில்லை, அதை மறைப்பானேன்? ஆனால் இப்பொழுது விண்ணப்பம் கொண்டு சென்றால், தலை குனிந்து நிற்பதில்லை.

பிறந்த மண்ணை மறக்கச் சொல்லவில்லை. வாழும் மண்ணுக்கும் நாம் கடன்பட்டவர்கள் என்றே சொல்லுகின்றோம். அடுத்த ஆண்டு விழாவிற்கு முன், நம் சங்கத்தார் ஒவ்வொருவர் பெயரும் தத்தம் தொகுதிப் பட்டியலில் ஏறியிருக்குமாக!