கைதானவரின் உரிமையும் கைதுக் குறிப்பும்

குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகளைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக நீதிமன்றத்தையே மனத்திற் கொண்டு பேசுகின்றனர். வழக்கறிஞர் வாதாடுவதும், சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்படுவதும், சந்தேகத்தின் பலன் வழங்கப்படுவதும் அங்கேதான். ஆனால், ஏழை மக்களைப் பொறுத்த வரையில் வழக்கின் போக்கு அதற்கு வெகு முன்னரே, போலீஸ் நிலையத்தில் கழியும் முதற்சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் நிர்ணயமாகி விடுகிறது. அந்நேரத்தில் அருகே வழக்கறிஞரும் இல்லை, உறவினரும் இல்லை, நீதிபதியும் இல்லை.

இந்த நிலையை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்த பெருமையில் கல்கத்தாப் பத்திரிகைகளுக்கும் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றுக்கும் பங்கு உண்டு. 1986ஆம் ஆண்டு ஜூலை 20, 21, 22 ஆகிய தேதிகளில் ‘தி டெலிகிராப்’ இதழிலும், ஆகஸ்ட் 17 அன்று ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழிலும் போலீஸ் காவலில் நேர்ந்த மரணங்கள் பற்றிய செய்திகள் வெளிவந்தன. அவ்வமைப்பின் நிர்வாகத் தலைவர் டி. கே. பாசு, அச்செய்திகளைச் சுட்டிக்காட்டி, ஆகஸ்ட் 26 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்க வேண்டும், அதிகாரிகள் பொறுப்பேற்க வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள். 1987 பிப்ரவரி 9 அன்று அக்கடிதமே ரிட் மனுவாக ஏற்கப்பட்டது. மனு தவறான அடிப்படையில் எழுந்தது என்றும், எதுவும் மூடி மறைக்கப்படவில்லை என்றும் மாநில அரசு பதிலளித்தது. அலிகாரில் போலீஸ் காவலில் ஒருவர் இறந்தது குறித்து வந்த மற்றொரு கடிதமும் சேர்ந்துகொள்ளவே, எல்லா மாநிலங்களுக்கும் நோட்டீஸ் சென்றது. நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ. எஸ். ஆனந்த் ஆகியோரின் தீர்ப்பு 1996 டிசம்பர் 18 அன்றுதான் வெளியாயிற்று. கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே பத்து ஆண்டுகள்!

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைதின் காரணத்தைக் கூற வேண்டும், விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அனுமதிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆவது விதி 1950 முதலே கூறி வந்தது. உரிமைகளுக்குக் குறைவில்லை, சான்றுக்குத்தான் குறைவு. கைதான நேரமே எழுதப்படாத இடத்தில் 24 மணி நேரத்தை எப்போதிலிருந்து கணக்கிடுவது?

இந்தக் கேள்விக்கு விடையாகவே தீர்ப்பின் பதினொரு கட்டளைகளும் அமைந்தன. அவற்றுள் உயிர்நாடியானது கைதுக் குறிப்பு. தேதியும் நேரமும் குறித்து, குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட, கைதானவரும் அதில் கையெழுத்திட வேண்டும். கைது செய்வோர் பெயரும் பதவியும் தெரியும் சின்னம் அணிய வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். கைதானவர் கேட்டால் உடலிலுள்ள காயங்களைப் பதிவு செய்து அவருக்கும் ஒரு நகல் தர வேண்டும். காவலில் இருக்கும் வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு மிகவும் சொற்பம். மீறும் அதிகாரி துறை நடவடிக்கைக்கு மட்டுமன்றி நீதிமன்ற அவமதிப்புக்கும் ஆளாவார்.

இக்கட்டளைகளிற் பல, 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆவது பிரிவில் இன்று கைதுக் குறிப்பைக் காணலாம். காவலில் ஒருவர் காயமுற்றால் அதற்குப் போலீசாரே காரணம் என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்ற சட்ட ஆணையத்தின் 1985ஆம் ஆண்டுப் பரிந்துரை மட்டும் இன்னும் சட்டமாகவில்லை. இது வருந்தத்தக்கது.

தாள் ஒன்றே போதுமா? 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் மருத்துவச் சான்று பெற்று, ரிமாண்டு உத்தரவும் பெற்றே கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். சில நாட்களிலேயே இருவரும் இறந்தனர். எல்லாப் படிகளுக்கும் தாள்கள் இருந்தன. தாளை எழுதுவோரை வேறொருவர் கண்காணிக்காவிட்டால் அதுவே மறைப்புக்குத் திரையாகிவிடும். போலீஸ் நிலையங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்துமாறு அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டதும் இந்த நோக்கத்தில்தான்.

பொருளாதார நோக்கிலும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டு இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தோரில் ஏறக்குறைய நான்கில் மூவர், அதாவது 4,34,000 பேருக்கு மேல், விசாரணைக் கைதிகள். தினக்கூலி பெறும் ஒருவர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பெரியாத நாள்தான். குற்றமற்றவர் என்று பின்னர் விடுதலையானாலும் அந்தக் கூலி திரும்பி வருவதில்லை. முதல் ரிமாண்டின்போதே ஒரு வழக்கறிஞர் உடனிருந்து ஜாமீன் கோரினால் இந்த இழப்பில் ஒரு பகுதியையேனும் தவிர்க்கலாம். இலவச சட்ட உதவிக்கு 1976இல் அரசியல் சட்டத்தின் 39ஏ விதி வழி வகுத்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1995 நவம்பரில் அமலுக்கு வந்தது. ரிமாண்டு நேரத்தில் வழக்கறிஞர் இருப்பதையும், கைதானவர் அவருடன் தனியே சில நிமிடம் பேசுவதையும் உறுதிப்படுத்துவது மாவட்ட அதிகாரிகளின் கையில் இருக்கிறது.

இக்கட்டளைகளை அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் அறிவிக்க வேண்டும், வட்டார மொழிகளில் துண்டுப் பிரசுரங்களாக வெளியிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு எடுத்துரைத்தது. கைதானவர்களின் விவரங்களைப் பராமரிக்க நிலையந்தோறும் ஓர் அதிகாரியை நியமித்து, அவ்விவரங்களை யாவரும் காணும்படி வைக்க வேண்டும் என்று இப்போது சட்டமே கூறுகிறது. சட்டக் கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊர்ப் போலீஸ் நிலையத்துக்குச் சென்று, அந்தப் பலகை எங்கே உள்ளது, அதில் கடைசியாகப் பதியப்பட்ட தேதி என்ன என்று பார்த்து வரலாம்.