பொருள் சென்று சேரும்வரை வணிகம் முடிவதில்லை
(சிறுதொழில் செய்வோர்க்கென ஆற்றப்பெற்ற உரை)



பொருளை ஆக்குவது ஒரு திறம். அதை விற்பது மற்றொரு திறம். விற்ற பொருளை வாங்கியவர் கையில் பழுதின்றிச் சேர்ப்பது மூன்றாவது திறம். முதல் திறத்தில் தமிழன் எவர்க்கும் இளைத்தவன் அல்லன். உடன்குடிக் கருப்புக்கட்டியும், பத்தமடைக் கோரைப்பாயும், திண்டுக்கல் பூட்டும் அதற்குப் போதிய சான்றுகள். மூன்றாவது திறத்தையோ அவன் இடைத்தரகன் கையில் விட்டுவிட்டான். விளைவு என்ன? பனையேறிப் பதனீர் இறக்கி, அடுப்பின் வெம்மையில் நின்று காய்ச்சுகின்றவன் ஒருவன்; விலை வைக்கின்றவன் வேறொருவன். பொருளை அனுப்பும் வகை அறிந்தவனே விலை வைக்கின்றான். அறியாதவன் அவன் வைத்த விலைக்குத் தலையசைக்கின்றான். உழைப்பவன் தன் விலையைத் தானே வைக்க வேண்டுமாயின், பொருளை அனுப்பும் தொழிலையும் அவன் கற்றாக வேண்டும்.

இத்தொழில் தமிழர்க்குப் புதியதன்று. உப்பேற்றிச் சென்ற உமணர், வழியில் வண்டியின் அச்சு முறிந்தால் மாற்றுதற்கென்று வேறோர் அச்சை அடியில் கட்டியே புறப்பட்டனர் என்பதைப் புறநானூறு காட்டுகின்றது. புகார்த் துறையில் குவிந்த பொதிகளின் மேல் உரியவர் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. இடையூற்றை முன்னரே எண்ணுதல், பொதியின் மேல் தெளிவுற எழுதுதல் என்னும் இவ்விரண்டும் இன்றைக்கும் இத்தொழிலின் அடிப்படைகள்.

முதலாவது, கட்டும் முறை. கடைத்தட்டில் அழகாக அமர்ந்திருக்கும் பொருள், வழியில் பலர் கைகளில் ஏறி இறங்கும், எறியப்படும், அதன்மேல் வேறு பொதிகள் அடுக்கப்படும். எனவே கட்டி முடித்த பெட்டியை அசைத்துப் பார்த்தல் வேண்டும். உள்ளே பொருள் ஆடினால் கட்டு முடியவில்லை என்பதே பொருள். மட்கலமாயின் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, இடைவெளிகளை வைக்கோலாலோ கசக்கிய தாளாலோ நிரப்பி, அப்பெட்டியை மற்றொரு பெட்டிக்குள் வைப்பது நன்று. கருப்புக்கட்டிக்கு உடைவைவிட ஈரமே பெரும்பகை. மழைக்காலத்துக் காற்றின் ஈரத்தை ஈர்த்து அது கசிந்துவிடும். ஓலைப்பெட்டி அழகுக்கு உதவும். அதற்குள் காற்றுப் புகாத உறை ஒன்று இருந்தால்தான் பொருள் பிழைக்கும். புதிய கட்டுமுறை எதுவாயினும், ஒரு பெட்டியை இடுப்பளவு உயரத்தினின்று கீழே போட்டுப் பார்த்தபின் நூறு பெட்டிகளைக் கட்டுக. ஓர் உடைவால் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு நூறு உடைவுகள் எதற்கு?

இரண்டாவது, முகவரி. தமிழ்நாட்டில் புதூர் எத்தனை, புதுப்பட்டி எத்தனை! ஊர்ப்பெயரை மட்டும் நம்பினால் பொதி ஊர் சுற்றும். 1972 ஆகத்து 15ஆம் நாள் இந்திய அஞ்சல்துறை கொணர்ந்த ஆறிலக்க அஞ்சல் எண் இக்குழப்பத்தைத் தீர்க்கவே எழுந்தது. தமிழ்நாட்டு எண்கள் 60 முதல் 64 வரையுள்ள இலக்கங்களில் தொடங்குகின்றன. முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பு வட்டத்தையும், கடைசி மூன்று அஞ்சலகத்தையும் குறிக்கும். ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் பொதி வேற்றூர்க்குப் போகும். தமிழ்நாட்டுக்குள் செல்லும் பொதியில் முகவரி தமிழில் இருப்பதே முறை. வெளிமாநிலம் செல்லும் பொதியில் அவ்வூர்ப் பணியாளர் படிக்கும் எழுத்திலும் இருத்தல் வேண்டும். முகவரி அனுப்புகின்றவன் பெருமைக்கன்று; கொண்டு செல்பவன் கண்ணுக்கு. அனுப்புநர் முகவரியும் பேசி எண்ணும் பெட்டியின் உள்ளேயும் ஒரு தாளில் இருக்கட்டும். மேலுறை கிழிந்தாலும் பொதிக்கு உரியவன் யாரென்பது தெரியும்.

மூன்றாவது, கூலிக் கணக்கு. இங்கேதான் சிறு வணிகர் பலர் அறியாமலே இழக்கின்றனர். தூதஞ்சல் நிறுவனங்கள் பொதியின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அது அடைக்கும் இடத்தையும் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் செ.மீ. அளவில் பெருக்கி, 5,000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொள்வது அவற்றுட் பலவற்றின் வழக்கம். இவ்வெண்ணும் உண்மை எடையும் ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கூலி. 40 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உள்ள பெட்டியில் 2 கிலோ எடையுள்ள ஓலைக்கொட்டான்களை அனுப்பினால், 7.2 கிலோவுக்குக் கூலி தர நேரும். அவற்றையே ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி, உயரத்தை 15 செ.மீ. ஆக்கினால் 3.6 கிலோவுக்குத் தந்தால் போதும். அதே பொருள், அதே ஊர்; கூலி எடையோ பாதி! அளவுகோலை எடுக்காதவன் காற்றுக்குக் கூலி கொடுக்கின்றான்.

பொருளைக் கொடுத்துப் பணம் பெறும் முறையிலும் விழிப்பு வேண்டும். ஒரு பொதியில் ஊதியம் 80 உரூபா என்றும், போகும் கூலி 70, திரும்பும் கூலி 70 என்றும் கொள்வோம். வாங்க மறுத்த ஒரு பொதி 140 உரூபாவை விழுங்கும். ஏறத்தாழ இரண்டு பொதிகளின் ஊதியம் அதில் போகும். அனுப்புமுன் பேசியில் ஒரு சொல் கேட்டு உறுதி செய்வது அவ்விழப்பைப் பெரிதும் தடுக்கும்.

நான்காவது, எழுத்துச் சான்று. சரக்குந்து நிறுவனத்தில் பொதியை ஒப்படைத்துச் சீட்டை மடித்துப் பையில் இட்டுக்கொள்வோர் பலர். அதைப் படிப்போர் சிலர். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்கேற்றச் சட்டமும், 2011ஆம் ஆண்டில் அதன்கீழ் வந்த விதிகளும் சொல்வதைக் கேளுங்கள். உயர்ந்த இடர்க்கூலி தர ஒப்புக்கொள்ளாத பொதி தொலைந்தால், ஏற்றிச் சென்றவர் பொறுப்பு கூலியைப்போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். 150 உரூபாக் கூலியில் சென்ற 12,000 உரூபாச் சரக்குக்கு 1,500 உரூபாவே கிடைக்கும்! ஒப்படைத்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கவில்லையேல் வழக்குத் தொடுக்கும் உரிமையும் இல்லை. எனவே விலைமிக்க சரக்கின் மதிப்பைத் தாளில் எழுதி, உயர்ந்த கூலியைக் கட்டுதலோ காப்பீடு செய்தலோ வேண்டும். உமணர் கொண்டுசென்ற மாற்று அச்சு இக்காலத்தில் இதுவே. 50,000 உரூபாவுக்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடக்குமாயின் மின்வழிச் சீட்டு வேண்டும் என்பது 2018 ஏப்பிரல் 1 முதல் உள்ள நடைமுறை. அஃதின்றிச் சென்றால் வண்டி வழியிலேயே நிறுத்தப்படும்.

இவற்றுக்கெல்லாம் பெருமுதல் எதுவும் வேண்டியதில்லை. ஓர் அளவுகோல், ஓர் எடைக்கருவி, ஒரு பொத்தகம் போதும். அனுப்பிய நாள், பெற்றவர் பெயர், சீட்டெண், கூலி, சேர்ந்த நாள் என்று ஐந்து பத்திகள். திங்கள்தோறும் அதைப் புரட்டினால் எந்த நிறுவனம் காலந்தாழ்த்துகின்றது, எந்த ஊர்க்கு எவ்வளவு கூலி, எக்கட்டு உடைகின்றது என்பன தாமே விளங்கும். சேரும் நாளை மூன்று என்று சொல்லி ஐந்தில் கொடுப்பவன் பொய்யன் எனப்படுவான். ஐந்து என்று சொல்லி நான்கில் கொடுப்பவன் நம்பகமானவன் எனப்படுவான். இருவரிடையே உள்ள வேறுபாடு வண்டியின் விரைவன்று, சொல்லின் அளவே.

முன்பின் அறியாத ஒருவர் தொலைவிலிருந்து பணம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கின்றார். அவர் கையில் சேரும் பொதி வெறும் பண்டமன்று. ஆக்கியவன் கொடுத்த வாய்ச்சொல். அதைக் காக்கக் கற்றவன் எந்தத் தரகன் வாயிலிலும் நிற்க வேண்டியதில்லை. தமிழ்த் தொழிலாளர் தம் கைப்பொருளைத் தாமே கட்டுக! தாமே எழுதுக! தாமே அனுப்புக! தம் விலையைத் தாமே வைக்க!